விதையிலிருந்து மரம்: மட்டக்களப்பு, அம்பாறை வீட்டு வளவுகளுக்கான கேள்வி பதில்

புளியந்தீவு, நாவற்குடா, புன்னைக்குடா, மருதமுனை, மகிழடித்தீவு, இலுப்படிச்சேனை என்று நமது ஊர்ப் பெயர்கள் பல மரங்களின் பெயர்களையே சுமந்து நிற்கின்றன. அந்த மரங்களைத் தங்கள் வளவிலும் காண வேண்டுமென்று ஆசைப்பட்டு விதை போட்டு, முளைக்கவில்லை என்றோ முளைத்தது கருகிவிட்டது என்றோ மனம் சலித்தவர்களை அயலிலும் உறவிலும் நிறையவே பார்த்திருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும், பல மாரிகளைக் கண்ட பட்டறிவிலிருந்து நான் சொல்லிவரும் பதில்களும் கீழே உள்ளன.

ஒட்டுக்கன்று விலைக்குக் கிடைக்கும்போது விதை போட்டு ஏன் பாடுபட வேண்டும்?

நல்ல சாதி மாம்பழத்தை விரைவில் பறிக்க வேண்டும் என்பது மட்டுமே உங்கள் நோக்கமானால் ஒட்டுக்கன்றை வாங்குவதே சரியான வழி. ஆனால் இலுப்பை, பாலை, மகிழ், புன்னை, வீரை போன்ற மரங்களின் கன்றுகளை விற்பவர்கள் மிகக் குறைவு. அவற்றை விரும்புகிறவர் விதையைத் தேடித்தான் போக வேண்டும். மற்றொரு காரணம் வேர். விதை விழுந்த இடத்திலேயே முளைத்து எழுந்த மரத்தின் ஆணிவேர் வெட்டுப்படாமலும் சுருளாமலும் நேரே கீழே இறங்குகிறது. கோடையில் நிலத்தின் ஆழத்திலுள்ள ஈரத்தைத் தேடிக்கொள்ளவும், பெருங்காற்றில் மரத்தைப் பிடித்து நிறுத்தவும் அந்த வேர் உதவுகிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் தென்னந்தோட்டங்கள் தரையோடு சாய்ந்த ஒரு கரையில் வாழும் நமக்கு, வேரைப் பற்றிய இந்தக் கவலை மிகையானது அல்ல.

எந்த மாதத்தில் விதை போட வேண்டும்?

விதை போடும் நாளை யோசிப்பதற்கு முன், கன்றை நிலத்தில் நடும் நாளைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவதே என் முறை. நமது மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து சேர்ந்துவிடுகிறது. அதன் பிறகு மழை குறைந்துகொண்டே போய், மே மாதமளவில் தொடங்கும் கச்சான் காற்று மேற்கிலிருந்து சூடாக வீசி, மண்ணையும் இலையையும் ஒருசேர உலர்த்துகிறது. நட்ட கன்று நிலத்தில் தன் முதற் கச்சானைச் சந்திக்கும்போது அதன் வேர் ஆழத்துக்குப் போயிருக்க வேண்டும். அதற்கு ஒரு முழு மாரியையும் அது நிலத்தில் கழித்திருக்க வேண்டும். ஆகவே நடுவதற்குரிய காலம் ஒக்டோபர் நடுப்பகுதி முதல் நவம்பர் வரை. அப்போது கன்றுக்கு நான்கு மாத வயதாவது இருக்க வேண்டுமானால், ஜூன், ஜூலை மாதங்களில் விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும்.

வேம்பும் நாவலும் பாலையும் பலாவும் மாவும் ஏறத்தாழ அந்த மாதங்களிலேயே பழுத்து விழுவது நமக்குப் பெரிய உதவி. ஆனால் நம்மில் பெரும்பாலோர் மழை தொடங்கிய பிறகுதான் மரம் நடும் நினைவு வந்து, கார்த்திகை மாத அடைமழைக்குள் விதையைப் போடுகிறார்கள். தப்பித் தவறி அழுகாமல் முளைத்தாலும், சித்திரை வெயில் வரும்போது அந்தக் கன்று ஒரு சாண் உயரத்துக்கு மேல் இருப்பதில்லை. நான் பார்த்த தோல்விகளில் மிகப் பெரும்பாலானவை விதையின் குறையால் வந்தவை அல்ல. காலம் தப்பியதால் வந்தவை. பாலை, மகிழ் போன்று மெதுவாக வளர்பவை மட்டும் விலக்கு. அவற்றை ஒரு மாரிக்குப் பையிலேயே வைத்து, அடுத்த ஆண்டு மாரியில் நடுவது நல்லது.

விதையை உலர்த்திப் போத்தலில் வைத்திருந்து, வசதிப்பட்டபோது போடலாமா?

இந்தக் கேள்விக்குச் சரியான பதிலைத் தெரிந்துகொண்டவர் பாதி வேலையை முடித்துவிட்டார். விதைகளில் இரண்டு வகை உண்டு. புளி, கொன்றை, வாகை, பூவரசு, தேக்கு, முருங்கை போன்றவற்றின் விதைகள் உலர்ந்த நிலையில் உறங்கும் விதைகள். நிழலில் உலர்த்தி, ஈரம் புகாத போத்தலில் அடைத்து வைத்தால் மாதக்கணக்கில், சில வகைகள் ஆண்டுக்கணக்கிலும், உயிரோடு இருக்கும். முருங்கை விதையை மட்டும் ஓராண்டுக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது.

மற்ற வகை, உலர்ந்தால் இறந்துபோகும் விதைகள். பலா, மா, நாவல், இலுப்பை, கறிவேப்பிலை ஆகியவை இதில் அடங்கும். இவற்றின் விதைக்குள் இருக்கும் ஈரம்தான் அதன் உயிர். நெல்லைப் போல வெயிலில் காயப்போட்டுப் பாதுகாக்க நினைப்பது, அந்த உயிரை நாமே பறிப்பதாகும். நான் முதன்முதலாக நாவல் விதைகளைச் சேர்த்தபோது, கழுவித் துடைத்து, முற்றத்தில் பாய் விரித்து மூன்று நாள் நன்றாகக் காயவைத்து, தகர டப்பாவில் போட்டு மாரிக்காகக் காத்திருந்தேன். நூற்றுக்கு மேற்பட்ட விதைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அடுத்த ஆண்டு அதே மரத்தின் பழங்களை உண்ட கையோடு விதைகளை மண்ணில் புதைத்தேன். இரண்டு மூன்று வாரங்களில் மேடை முழுவதும் பசுமையாகிவிட்டது. மரம் ஒன்றுதான், விதையும் ஒன்றுதான். மாறியது நான் காத்திருந்த நாட்கள் மட்டுமே.

வேம்பு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பழத்தின் சதையைக் கழுவி நீக்கி, நிழலில் ஓரிரு நாள் ஈரம் போக வைத்தால் சிறிது காலம் தாங்கும்; ஆனால் சாதாரண வீட்டுச் சூழலில் இரண்டு மூன்று வாரங்களுக்குள் அதன் முளைப்புத் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். சதையோடு குவித்து வைத்தால் அது புளித்துச் சூடேறி இன்னும் விரைவாகக் கெடும். தூரத்து உறவினர் ஒருவருக்கு உலரக்கூடாத விதையைக் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தால், லேசாக ஈரமாக்கிய தும்புத்தூளில் பொதிந்து, காற்றுப் புகுமாறு கட்டி அனுப்புங்கள். காற்றுப் போகாமல் பொலித்தீனில் இறுக்கிக் கட்டுவது கூடாது.

எந்த மரத்திலிருந்து விதை எடுப்பது?

நமது கரையிலேயே பல கோடைகளையும் காற்றையும் தாங்கி நின்று, நோயின்றிக் காய்க்கும் மரத்திலிருந்து எடுங்கள். ஒரு மரத்தில் மட்டும் எடுக்காமல், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் நான்கைந்து மரங்களில் சிறிது சிறிதாக எடுப்பது இன்னும் நல்லது. ஏனெனில் ஒரே தாயின் பிள்ளைகளெல்லாம் ஒரே குறையோடு பிறக்கக்கூடும். முதன்முதலில் விழும் பழங்களில் பூச்சி துளைத்தவை அதிகம் இருக்கும், ஆதலால் நடுப்பருவத்தில் விழுவதைப் பொறுக்குங்கள். வேம்பில், காகமும் வௌவாலும் சதையை உண்டு போட்ட விதைகள் மரத்தடியில் சுத்தமாகக் கிடக்கும். அவை அன்றைக்கு விழுந்தவையாக இருந்தால் நாம் கழுவும் வேலையும் மிச்சம். கோயில் வளவுகளிலும் பள்ளிவாசல் வளவுகளிலும் உள்ள முதிய மரங்கள் மிகச் சிறந்த தாய் மரங்கள். பொறுப்பானவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் பொறுக்கினால் எவரும் மறுப்பதில்லை.

புளியங்கொட்டையும் கொன்றை விதையும் மாதக்கணக்கில் மண்ணில் கிடந்தும் முளைக்கவில்லையே, ஏன்?

அவற்றின் தோல் தண்ணீரை உள்ளே விடுவதில்லை. காட்டில் விலங்கின் வயிறும் வெயிலும் மழையும் நெடுங்காலம் செய்யும் வேலையை நாம் ஒரே இரவில் செய்து கொடுக்க வேண்டும். புளியங்கொட்டைக்குப் பெரும்பாலும் ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊற வைப்பதே போதும். வாகைக்கும் கொன்றைக்கும், தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பின் விதையைப் போட்டு, ஆறும்வரை அப்படியே இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே போட்டால் விதை வெந்துவிடும். காலையில் ஊதிப் பருத்திருக்கும் விதைகள் தண்ணீரைக் குடித்தவை. அவற்றை உடனே போடுங்கள். பருக்காதவற்றின் விளிம்பை, முளை வெளிவரும் கண்ணுக்கு எதிர்ப்பக்கமாக, கரடுமுரடான சீமெந்துத் தரையில் உள்நிறம் தெரியும் அளவுக்குத் தேய்த்து மீண்டும் ஊற வையுங்கள். கொன்றையில் இந்தத் தேய்ப்பு முறையே எனக்கு நம்பிக்கையானது.

குசினியில் உப்பிட்டு வைத்த பழப்புளியிலுள்ள கொட்டைகளை நம்ப வேண்டாம். கோதோடு உலர்ந்த பழத்திலிருந்து எடுத்தவையே நல்லவை.

தேக்கங்காய்க்குப் பொறுமை வேண்டும். ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் பகல் முழுவதும் வெயிலில் காயவைத்து, இப்படியே ஒரு வாரம் முதல் இரு வாரங்கள் வரை மாறி மாறிச் செய்தால் அதன் தடித்த ஓடு தளரும். அப்போதும் எல்லாம் ஒரே நேரத்தில் முளைக்காது. புன்னைக் கொட்டைக்கு நேர்மாறான முறை. அதன் ஓட்டை மெதுவாகத் தட்டி உடைத்து, உள்ளிருக்கும் பருப்புக் காயப்படாமல் எடுத்து நட்டால் மூன்று நான்கு வாரங்களில் முளைக்கும். ஓட்டோடு நட்டால் இரண்டு மாதங்கள் வரை காத்திருக்க நேரும்.

பைக்கு எந்த மண்ணை நிரப்புவது?

எழுவான்கரையில் இருப்பவருக்கும் படுவான்கரையில் இருப்பவருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்வதில்லை. எழுவான்கரை என்பது மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள கரை, படுவான்கரை அதற்கு மேற்கே உள்ளது. வாவிக்குக் கிழக்கே, கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரையும், அதற்கு அப்பால் கல்முனை, காரைதீவு, நிந்தவூர், திருக்கோவில் வரையும் கரையோர வளவுகளில் மணலே மிகுதி. ஊற்றிய தண்ணீர் கண்ணெதிரே இறங்கிவிடும் அந்த மணலுக்கு, நன்றாக மக்கிய மாட்டெருவும் தும்புத்தூளும் சேர்த்து ஈரத்தைப் பிடிக்கும் தன்மையைக் கொடுக்க வேண்டும். வாவிக்கு மேற்கே வயல்சார்ந்த பகுதிகளில் மண் களிப்பாக இருக்கும். காய்ந்தால் கல்லாகும், நனைந்தால் சேறாகும். அங்கே மண்ணோடு சம அளவு மணலும், நெல் ஆலையில் கிடைக்கும் கருக்கிய உமியும் கலந்தால் வேருக்குக் காற்றுக் கிடைக்கும். இரண்டு கரைகளுக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை: மக்காத பச்சை எருவைக் கலக்காதீர்கள். அது இளவேரைச் சுடும்; கறையானையும் அழைத்து வரும். தும்புத்தூள் புதியதாக இருந்தால் இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழிந்த பின் பயன்படுத்துங்கள். கடற்கரையிலிருந்து அள்ளிய உப்பு மணல் எந்தக் கலவைக்கும் உதவாது.

விதையைப் பையில் போடுவதா, நிலத்திலேயே போடுவதா?

வேலியும் தண்ணீரும் உறுதியாக இருந்தால் நிலத்தில் போடுவதே வேருக்கு நல்லது. குறிப்பாகப் பனைக்கு வேறு வழியே இல்லை. பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் மேலே எதையும் அனுப்பாமல், நீண்ட முளைக்குழாய் ஒன்றை மண்ணுக்குள் கீழ்நோக்கிச் செலுத்தி, அதன் நுனியிலேதான் கிழங்கையும் கன்றையும் உருவாக்குகிறது. நாம் அவித்து உண்ணும் பனங்கிழங்கு அதுதான். அவ்வளவு ஆழத்துக்குப் போக விரும்பும் ஒன்றைச் சிறு பைக்குள் அடைப்பது வீண். ஆகையால் மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே கொட்டையைப் புதைத்து, இடத்தை ஒரு தடியால் அடையாளமிட்டு, கிழங்கு தோண்டும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

மற்றவற்றுக்குப் பை வசதியானது. 6 அங்குல அகலமும் 9 அங்குல உயரமும் உள்ள கறுப்புப் பொலித்தீன் பை, அடியில் நான்கைந்து துளைகளோடு, பெரும்பாலான மரங்களுக்கு நான்கைந்து மாதம் போதும். வெட்டிய பால் பக்கெற்றுகளும் பெரிய தண்ணீர்ப் போத்தல்களும்கூட உதவும். அகலத்தைவிட உயரமே முக்கியம். ஆனால் பை என்பது தங்குமடம். அங்கே கன்று நெடுங்காலம் இருந்தால் ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டு, நட்ட பிறகும் அதே சுருளிலேயே தடித்து, பல ஆண்டுகள் கழித்து ஒரு காற்றில் மரத்தையே சாய்த்துவிடும். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பையைத் தூக்கி வேறிடத்தில் வைத்து, துளை வழியாக நிலத்துக்குள் இறங்கிய வேர்களை நறுக்கி விடுங்கள். இதற்குச் சோம்பல்படுபவர் பின்னால் பையோடு வேரையும் பிய்த்து எடுக்க நேரிடும்.

எவ்வளவு ஆழத்தில், எந்தப் பக்கம் மேலே இருக்குமாறு போட வேண்டும்?

விதையின் தடிப்பைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் போதும். ஆழமாகப் புதைத்தால் விதை தன் சேமிப்பு முழுவதையும் மேலே வருவதற்கே செலவழித்துவிடும். கஜு என்று நாம் சொல்லும் மரமுந்திரிகைக் கொட்டைகளை முதலில் தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றை விட்டு மூழ்குபவற்றை மட்டும் எடுத்து, பழத்தோடு ஒட்டியிருந்த காம்புப் பக்கம் மேலே இருக்குமாறு சற்றுச் சரிவாக வையுங்கள். மாங்கொட்டையின் நார் ஓட்டை விளிம்பில் கத்தியால் நெம்பித் திறந்து, உள்ளே உள்ள பருப்பை மட்டும், அதன் வளைந்த உட்பக்கம் கீழே இருக்குமாறு நட்டால் விரைவாகவும் நேராகவும் முளைக்கும். திறக்கும்போது உள்ளே வண்டு துளைத்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

எத்தனை நாள் பொறுத்துப் பார்த்த பின் கைவிடலாம்?

முருங்கையும் வேம்பும் புது விதையாக இருந்தால் ஒன்று முதல் மூன்று வாரங்களில் தலை காட்டும். நாவல், பலா, மா ஆகியவை இரண்டு முதல் ஆறு வாரங்கள் எடுத்துக்கொள்ளும். பாலையும் தேக்கும் தங்கள் விருப்பம்போல் ஒவ்வொன்றாக வருபவை. மூன்று மாதத்துக்கு முன் அந்தப் பைகளைக் கொட்டிவிடாதீர்கள். ஐயம் வந்தால் ஒரு விதையை மட்டும் தோண்டி விரல்களுக்கிடையில் அழுத்துங்கள். உறுதியாக இருந்தால் அது உயிரோடு இருக்கிறது. பிசுபிசுத்து நாறினால் இல்லை.

நாவல் விதை ஒன்றிலிருந்து இரண்டு மூன்று கன்றுகள் வந்தால் திகைக்க வேண்டாம். அது அந்த மரத்தின் இயல்பு. வலுவான ஒன்றை விட்டு மற்றவற்றை மண் மட்டத்தில் கிள்ளிவிடுங்கள்.

நன்றாக முளைத்த நாற்றுகள் அடித்தண்டு கறுத்து, ஒரே இரவில் சாய்ந்துவிடுகின்றன. என்ன நோய் அது?

நாற்றழுகல். மண்ணில் வாழும் பூஞ்சை வகைகள், ஈரம் மிகுந்து காற்றோட்டம் குறைந்த இடத்தில் இளந்தண்டை மண் மட்டத்திலேயே தின்றுவிடுகின்றன. சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை. அதைச் சுற்றியுள்ள மண்ணோடு அகற்றி, மற்றவற்றுக்கு இடம்விட்டு, ஓரிரு நாள் தண்ணீரை நிறுத்தி, காலை வெயில் படும்படி வையுங்கள். மீண்டும் வராமல் இருக்க விதைகளை நெருக்கமாகப் போடாதீர்கள். மாலையில் அல்லாமல் காலையில் தண்ணீர் ஊற்றுங்கள். விதைப்பதற்கு முன் மண் கலவையை மெல்லியதாகப் பரப்பிச் சில நாள் கடும் வெயிலில் காயவிடுங்கள். அந்த வெயில் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் மருந்து.

நிழலும் தண்ணீரும் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

முதல் மூன்று வாரங்களுக்கு, கிடுகு இரண்டைச் சரித்து வைத்து உச்சிவெயிலை மறைத்தால் போதும். அதன் பிறகு கிடுகை மெல்ல மெல்ல விலக்கி, நடுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே முழு வெயிலுக்குப் பழக்க வேண்டும். நிழலிலேயே செல்லமாக வளர்ந்த கன்று பார்வைக்கு உயரமாகவும் பச்சையாகவும் இருக்கும்; ஆனால் வெளியே நட்டவுடன் வாடிவிடும்.

ஜூன், ஜூலையில் போட்ட நாற்றுகள் கச்சான் காற்றின் நடுவிலேயே வளர்வதால், மேற்குப் பக்கமாக ஒரு கிடுகு மறைப்பு அவசியம். பையில் விரலை ஒரு அங்குலம் நுழைத்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். வாவியை அண்டிய சில கிணறுகள் கோடையின் முடிவில் உவர்க்கும். வாயில் ஊற்றிப் பார்த்து உப்புத் தெரிந்தால் அந்தத் தண்ணீரை நாற்றுகளுக்கு விடாதீர்கள். இலை விளிம்பு கருகுவது பெரும்பாலும் அதனால்தான், எருக் குறைவால் அல்ல.

நிலத்தில் நடும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

இரண்டடி நீள அகல ஆழமுள்ள குழியை முதல் மழைக்கு முன்பே வெட்டி ஆறவிடுங்கள். மணற்கரையில் குழியின் அடியில் பொச்சு மட்டைகளை ஓர் அடுக்காகப் பரப்பினால், அவை மழைநீரைப் பிடித்து வைத்துக் கோடையில் மெதுவாக விட்டுக்கொடுக்கும். மார்கழி வெள்ளம் நிற்கும் தாழ்ந்த வளவுகளில், குழி நிறையத் தண்ணீர் கட்டிக் கன்று மூச்சடைத்துச் சாகாமல் இருக்க, மண்ணை ஒன்றரை அடி மேடாக்கி அதன் மேல் நட வேண்டும். 2011 ஜனவரி வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் தங்கள் வளவில் தண்ணீர் எவ்விடம் வரை வந்தது என்பதை அறிவார்கள். அந்த அடையாளத்துக்கு மேலே நடுங்கள். வெள்ளம் நிற்கும் இடத்தைத்தான் மரத்துக்கு ஒதுக்க முடியும் என்றால் ஆற்றங்கரை மரமான மருதை நடலாம். நாவலும் ஓரளவு தாங்கும்.

பையைக் கீறி எடுத்துவிட்டே நட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் பையோடு நடப்பட்ட கன்றுகளை ஒரு மரநடுகை நிகழ்வுக்குப் பிறகு வரிசையாகக் கண்டிருக்கிறேன். அவற்றில் எதுவும் அடுத்த கோடையைத் தாண்டவில்லை.

ஆடு, மாடு, கறையான், யானை?

ஆட்டுக்குக் கதியால் வேலியும் முள்ளும்தான் மருந்து. ஒரு முறை நுனி கடிபட்ட கன்று ஓராண்டை இழக்கிறது. வேம்பை ஆடு தின்னாது என்று நம்பிவிட வேண்டாம், கோடையில் அதுவும் தின்னும். கறையானுக்கு, தண்டைத் தொடுமாறு சருகும் விறகுத் துண்டும் குவிக்காமல் ஒரு சாண் இடைவெளி விட்டு மூடாக்கு இடுங்கள். நடும் குழியில் ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்குச் சேர்க்கலாம். யானை வரும் படுவான்கரைக் கிராமங்களில் தென்னையையும் வாழையையும் வீட்டுக்கு அருகே வைப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அங்கே வளவின் எல்லையில் வேம்பு, தேக்கு, தேசி போன்றவற்றை முன்னிறுத்துவது மேல்.

வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நடுவது?

பெரிய மரங்களுக்கு 25 அடியாவது வேண்டும். ஆலும் அரசும் சிறு வளவுக்கு உரியவை அல்ல. மின்கம்பி மேலே செல்கிறதா, மலசலகூடக் குழி எங்கே இருக்கிறது என்பதையும் நடும் முன்னரே பாருங்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி பெற வேண்டும். நாம் நட்ட மரமாயினும் அதுதான் விதி. இடைஞ்சலானால் வெட்டிவிடலாம் என்ற எண்ணத்தோடு பலாவைச் சுவருக்கு அருகே வைப்பவர் இதை முதலிலேயே அறிந்திருக்க வேண்டும்.

கடலுக்கு மிக அருகில் உள்ள வளவில் எது நிற்கும்?

புன்னை, பூவரசு, பனை, தாழை, கஜு. இவற்றை முன்வரிசையில் நிறுத்தி, அவை வளர்ந்த பிறகு அவற்றின் மறைவில் வேம்பையும் மாவையும் நடுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நமது கரைகளில் எத்தனையோ கன்றுகள் நடப்பட்டன. உப்புக் காற்றுக்கு உரிய மரம் எது என்று பாராமல் நட்டவை நிலைக்கவில்லை. உப்புக்காற்று இலையைச் சுடும் இடத்தில் புன்னையின் தடித்த, பளபளக்கும் இலை வாடாமல் நிற்பதை ஒரு முறை பார்த்தவருக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

உண்ட மாம்பழத்தின் கொட்டையை நட்டால் அதே பழம் கிடைக்குமா?

உறுதி கூற முடியாது. சில சாதிகளில் ஒரு கொட்டையிலிருந்து பல முளைகள் வரும். அவற்றுள் பெரும்பாலானவை தாய் மரத்தின் மறுபதிப்பாகவே இருக்கும். ஒரே முளை மட்டும் வரும் சாதிகளில் பிள்ளை, தாயையும் பூந்தாது கொடுத்த அயல் மரத்தையும் சேர்த்துப் பிறந்தது, இனிக்கலாம், புளிக்கலாம். பழம் மோசமாக இருந்தால் அந்த மரத்தின் வேரை வைத்துக்கொண்டு மேலே நல்ல சாதியை ஒட்டலாம். நிலத்திலேயே முளைத்து ஆழ வேரூன்றிய நாட்டு மாவின் மேல் ஒட்டுவது நமது கோடைக்கு மிகவும் ஏற்றது என்பதே என் கருத்து.

விதைக்கக் கூடாத மரங்கள் உண்டா?

இப்பில் இப்பில் என்னும் தீவன மரமும் சீமைக் கருவேலும். இரண்டும் எளிதில் முளைக்கும், விரைவாக வளரும், அதன் பிறகு அயல் காணிகளையெல்லாம் பிடித்துக்கொள்ளும். தீவனத்துக்காக இப்பில் இப்பிலை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் காய் முற்றும் முன் கிளைகளை வெட்டிவிட வேண்டும்.

எத்தனை ஆண்டுகளில் காய்க்கும்?

விதை முருங்கை ஓராண்டுக்குள்ளேயே காய்க்கத் தொடங்கலாம். கொய்யாவும் கஜுவும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். பலாவும் விதை மாவும் ஐந்து முதல் எட்டு. புளி ஏழுக்குக் குறையாது, பத்தைத் தாண்டுவதும் இயல்பு. பனை 12 ஆண்டுகளுக்கு முன் பாளை விடுவது அரிது, 20 ஆண்டுகளும் ஆகலாம். அதிலும் ஆண், பெண் என்பது பாளை வெளிவரும் அந்த நாள் வரை தோற்றத்தில் தெரியாது. ஆகவே நுங்குக்காகப் பனை நடுகிறவர் ஒன்றோ இரண்டோ கொட்டையோடு நிறுத்தாமல், வளவின் எல்லை நெடுகப் பத்துப் பன்னிரண்டு கொட்டைகளையாவது புதைக்க வேண்டும்.